முடிச்சில்லாத மாலை

ஹவுனானி ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். மருமகள் மஹேயாவை மறுபடியும் பாட வைப்பது என்று அவள் பிடிவாதம் பிடித்து மாதக்கணக்காகிறது. போன வருஷம் வயிற்றிலேயே பிள்ளை தவறியதிலிருந்து அந்தப் பெண் பாட்டை மூட்டை கட்டிவிட்டாள். நாலு தந்தி வைத்த தன் குட்டி வாத்தியம், அந்த உகுலேலேயைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஹவாய்த் தீவில் அந்த ஹீலோ ஊரில் எந்த வீட்டு விசேஷமானாலும் முதல் பாட்டு மஹேயாவுடையது என்றிருந்த காலம் போய், இப்போது கூப்பிட்டால் தலைவலி என்கிறாள். "விடும்மா" என்றான் மகன். விடுகிற ஆளா ஹவுனானி? ஊரில் பாதி உகுலேலே அவள் கையில் பிறந்தது. "அவளால வேண்டாம்னு சொல்ல முடியாத மாதிரி ஒண்ணு செய்யறேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்துத்தான் செய்தாள். யார் கேட்டும் விற்காமல் வைத்திருந்த கோஆ மரப் பலகையை எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்தால் அதன் ரேகை தேன் மாதிரி அசையும். அதை இழைத்து, விரலால் தட்டிக் காதில் வாங்கி, போதாதென்று இன்னும் இழைத்தாள். பக்கப் பலகையை நனைத்துச் சூடான குழாயில் வைத்து இடுப்பு வளைத்தபோது ஒன்று முறிந்தது. மரத்தையும் மழையையும் திட்டிக்கொண்டே வேறொன்றை வளைத்தாள். ஒலித்துளையைச் சுற்றி ஓர் இலைமாலை, அத்தனையும் மரத்தில் பதித்த சிப்பி. பக்கத்து வீட்டுத் தடாவோதான் மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாக அறுத்துக் கொடுத்தார்.

"என் பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு நகை நான் செஞ்சதில்ல."

"அதான் அவ உம்மோட பேசறதே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மஹேயா பட்டறையிலிருந்த இருவருக்கும் சோற்று உருண்டை கொண்டுவந்தாள். ஹவுனானி கையைத் துடைத்துக்கொண்டு துணியை விலக்கினாள். "எடு. உனக்குத்தான்."

மஹேயாவின் கண் விரிந்தது, கை நீண்டது. பாதியில் நின்றது. ஓர் அடி பின்னால் போய்விட்டாள்.

"ரொம்ப அழகா இருக்கு அத்தே. நீங்களே வச்சுக்குங்க."

ஹவுனானிக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "ஏண்டி, தொட்டுப் பாக்கக்கூடக் கசக்குதா? மாமியா செஞ்சா அவ்வளவு இளக்காரமா? யாருக்காக விரலத் தேச்சுக்கிட்டேன்னு நெனச்ச?"

மஹேயா இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். "மாலை சுத்தி மூடியிருக்கு அத்தே."

ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஹவுனானி தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மூடிய மாலை ஆகாது, கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிவிடும் என்பார்கள். முனை இரண்டும் திறந்து தொங்குகிற மாலைதான் போடுவார்கள். உகுலேலேயையோ வயிற்றோடு அணைத்துத்தான் வாசிக்கவேண்டும்.

"எத்தன மாசம்?"

"நாலு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இதுவும் போயிடுமோன்னு பயம்." மஹேயா அந்தச் சிப்பி மாலையைப் பார்த்தாள். "போன தடவ ஒரு கல்யாணத்துல பாடி முடிச்சதும் மூடின மாலையைப் போட்டாங்க. எல்லார் முன்னாடியும் வேண்டாம்னு சொல்ல வாய் வரல. அடுத்த வாரமே..."

"அடி பைத்தியமே! அதையா இத்தன நாளா மனசுல வச்சுப் புழுங்கற? பூ என்னடி பண்ணும்? டாக்டர் சொன்னதக் கேட்டல்ல?"

"கேட்டேன். புத்திக்குப் புரியுது. மனசு கேக்க மாட்டேங்குது."

ஹவுனானி மேசையிலிருந்த சின்ன உளியை எடுத்துக் கல்லில் தீட்டினாள்.

தடாவோ பதறி எழுந்தார். "ஏய், என்ன பண்ணப் போற? மெருகேத்தி முடிச்சது! துளை ஓரம் முட்டை ஓடு மாதிரி இருக்கு, பொளந்துக்கும். மாலை ஒண்ணும் பண்ணாதுன்னு நீதான இப்பச் சொன்ன?"

"மாலை பண்ணாது. பயம் பண்ணும். பயத்த வெட்ட எங்கிட்ட உளி இல்ல, இதுக்கு இருக்கு. விளக்க இப்படிப் பிடிய்யா."

அடிப்பக்கத்து இலைகளில் கைவைத்தாள். முதல் இலை முழுசாக எழும்பி வந்தது. இரண்டாவது பொடிப்பொடியாகப் போனது. மூன்றாவதன்கீழ் உளியைச் செருகியபோது டிக் என்று ஒரு சத்தம். மூவர் காதிலும் விழுந்தது. துளையிலிருந்து கீழே, ரேகையோடு ஒரு விரற்கடை நீளத்துக்குப் பலகை வெடித்திருந்தது. வாழ்நாளில் இதைவிட நல்லதாக ஒன்றை ஹவுனானி செய்ததில்லை. இனி அப்படி ஒரு பலகைக்கு எங்கே போவாள்?

"போதும் அத்தே! விட்டுடுங்க, என்னாலதான..." மஹேயா அழுதே விட்டாள்.

"வாய மூடு. வெட்டறது என் கை. உன்னால ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல." அடிப்பக்கத்து மீதி இலைகளையும் எடுத்த பிறகுதான் உளியைக் கீழே வைத்தாள்.

இலைகள் இருந்த பள்ளத்தில் அதே மரத்துச் சீவலைப் பொருத்தி ஒட்டினாள். துளைக்குள் விரலை விட்டு, வெடிப்புக்கு உள்பக்கம் சின்னப் பட்டை வைத்தாள். மறுபடியும் மெருகு பூசினாள். ஆனாலும் வெடிப்பு தெரிந்தது. சாயம் தடவி மறைக்கலாம் என்றார் தடாவோ. "தெரிஞ்சா தெரியட்டும்" என்றுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை. மஹேயா சிப்பி மாலையின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். சிப்பி முடிந்து வெறும் மரம் வந்த இடத்தில் விரல் நின்றது. உகுலேலேயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருதி சேர்த்தாள். இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை, உடைந்த குரலிலேயே அந்த அடியை முடித்தாள். தடாவோ இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். ஹவுனானி பலகைக் குவியல்மேல் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதாள்.

அப்போது பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி குடையோடு வாசலில் நின்று, "யாரு பாடறது? நம்ம மஹேயாவா?" என்று குரல் கொடுத்தாள். ஹவுனானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளை ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாமென்று எழுந்தாள்.

"உள்ள வாங்க ஆன்ட்டி," என்றாள் மஹேயா, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு. "நாங்க ரெண்டு பேர் பாடறோம்."