பித்தான் இல்லாத காணிக்கை

லாண்டரி அக்காவுக்குக் கோபம் வந்தால் இஸ்திரிப் பெட்டிக்கே வியர்த்துவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். கோபம் அதன் பின்னால்தான் வந்தது.

பழைய மில்லுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகள் போன வாரம் தீப்பிடித்து எரிந்துபோயின. பதினொரு குடும்பங்கள் மாற்றுத்துணி இல்லாமல் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தன. வருகிற ஞாயிறு சபையில் நன்றி செலுத்தும் ஆராதனை. "இந்த வருஷம் காணிக்கையைத் துணியாவே குடுங்க, மண்டபத்துக்கு அனுப்பிடலாம்" என்று போதகர் சொல்லியிருந்தார். வரும் துணிகளைத் துவைத்து மடிக்கும் வேலையை லாண்டரி அக்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அவள் கணவனின் நெஞ்சைப் பிளந்து இதயத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டி போட்டு அவள் ஆண்டவரிடம் கெஞ்சிய கெஞ்சலுக்கு அளவே இல்லை. மனுஷன் முழுசாக வீடு வந்து சேர்ந்தார். அந்த நன்றியை அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

மூட்டையை அவிழ்த்து முதல் சட்டையை உதறினாள். அதில் ஒரு பித்தான்கூட இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கால்சட்டைகளில் ஜிப்பைக் காணோம், குழந்தைகளின் கவுன்களில் கொக்கியைக் காணோம். அறுந்து விழுந்தவை இல்லை. கத்தரிக்கோலால் அழகாக நறுக்கி எடுக்கப்பட்டவை. துணியைக் கொடுத்தாலும் பித்தானை விட மனசு வரவில்லை, புண்ணியவான்களுக்கு!

எது யார் வீட்டுத் துணி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சலவைக்கு வரும் துணிகள் கலந்துவிடாதபடி கழுத்துப் பட்டையின் உள்ளே அழியாத மையால் வீட்டுக்கு ஒரு குறி போடுவது அவள் வழக்கம். மூன்று புள்ளி என்றால் மூப்பர் வீடு. சபை நிர்வாகத்தைப் பார்ப்பதும் அவர்தான், ஊரின் பெரிய ஹோட்டலும் அவருடையதுதான். அந்த ஹோட்டல் படுக்கை விரிப்புகளால்தான் அவள் கடையின் பெரிய எந்திரம் ஓடியது, வீட்டில் உலையும் கொதித்தது. அவள் முதலில் உதறிய நீலக் கோட்டுச் சட்டையில் மூன்று புள்ளி இருந்தது.

அதற்கடியில் குறியே இல்லாத ஒரு பச்சைக் கவுன் கிடந்தது. முதுகில் ஜிப் இல்லை. அவள் தன் வீட்டுத் துணிக்குக் குறி போடுவதில்லை. ஆமாம், அது அவளுடையதுதான். புதன்கிழமை அவளே நறுக்கினாள், அவளே மூட்டையில் போட்டாள், போடும்போது ஒரு பாட்டு வேறு பாடினாள். அதை நினைத்ததும் காது மடல் வரை சுட்டது.

மூப்பரின் மனைவிக்குப் போன் போட்டாள்.

"அம்மா, சட்டையில பித்தான் ஒண்ணுகூட இல்லீங்களே?"

"நல்ல பித்தானா இருந்துச்சும்மா, அதான் எடுத்து வச்சுக்கிட்டேன். அவங்க வேற தைச்சுக்குவாங்க."

"ஊசி நூலும் சேர்ந்துதாம்மா எரிஞ்சு போச்சு."

"நீ மடிச்சு மட்டும் குடு. மத்ததை அவங்க பாத்துக்குவாங்க."

லாண்டரி அக்கா போனை வைத்தாள். பித்தான் டப்பாவைத் திறந்து கவிழ்த்தாள். அன்று மதியமும் மறுநாளும் உட்கார்ந்து தைத்ததில் டப்பா காலியானது. கிழிந்து தொங்கியவற்றைத் தரை துடைக்க ஒதுக்கினாள். பிறகு தன் அலமாரியைத் திறந்தாள். கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ளட்டும் என்று கணவனுக்காக வாங்கிய ஆறு சட்டைகளும் முன்பக்கம் பித்தான் வைத்தவை, புத்தம் புதியவை. ஆறையும் எடுத்தாள். தன்னுடைய நல்ல உடுப்புகளையும் எடுத்தாள். எல்லாவற்றையும் பெட்டி போட்டு, வாடிக்கையாளருக்குத் தருவது போலவே தாளில் சுற்றி, சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏம்மா, நாளைக்கு நான் என்னத்தைப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்கு வர்றது?" என்றார் கணவர்.

"அதான் மூப்பர் சட்டை இருக்கே. அதுக்குத்தான் பித்தான் பத்தலை."

அவர் அவளையே பார்த்தார். "ஹோட்டல் வேலை போயிடும்டி."

"போகட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"வராந்தாவுல முட்டி போட்டப்போ யோசிச்சா கேட்டேன்? அதுக்கு நன்றி சொல்றப்போ மட்டும் எதுக்கு யோசிக்கணும்?"

அவர் அந்த நீலக் கோட்டுச் சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். பிறகு, "சரி, தேய்ச்சுக் குடு" என்றார்.

ஞாயிறு காலை, ஆண்டவர் செய்த நன்மையைச் சபை முன் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்ததும் இருவரும் எழுந்து முன்னால் போனார்கள். லாண்டரி அக்காவின் பச்சைக் கவுன் முதுகில் ஆறு ஊக்குகளால் நின்றது. கணவரின் நீலக் கோட்டுச் சட்டை வாசல் கதவு போல இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. கழுத்துக்குக் கீழிருந்து வயிறு வரை ஓடிய தழும்பைச் சபை முழுக்கப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

மேடையில் நின்ற மூப்பர் முகத்தைச் சுளித்தார். "சட்டையை ஒழுங்காப் போட்டுக்கிட்டு வரக் கூடாதா? இது கோயில்."

"பித்தான் இல்லீங்க ஐயா," என்றார் கணவர் பணிவாக. "வந்ததே இப்படித்தான்."

லாண்டரி அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் போட்டிருக்கிறது மண்டபத்துக்குன்னு காணிக்கையா வந்த துணி. இந்தக் கவுன் நான் குடுத்தது. ஜிப்பை வெட்டி எடுத்ததும் நான்தான், அதுக்கு ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். மத்தது யாருதுன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். ஆண்டவர் என் புருஷனைத் திருப்பிக் குடுத்தப்போ, இது நல்லா இருக்கே, நமக்கு உதவும்னு எதையும் வெட்டி எடுத்து வச்சுக்கலை. முழுசாக் குடுத்தாரு. அவருக்கு நன்றின்னு சொல்லிட்டு நாம குடுக்கிறது இது. நல்லாப் பாத்துக்குங்க."

மூப்பர் அப்போதுதான் சட்டையை உற்றுப் பார்த்தார். "இது என் சட்டையாச்சே!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மூப்பர் போட்டிருந்த சட்டையிலும் மைக் குத்தியிருந்தது. கடைசி வரிசைவரை கேட்டது. இரண்டாம் வரிசையில் அவர் மனைவி குனிந்து கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நாலைந்து பேர் நல்ல துணிகளோடு கடைக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். வராதவர்கள்தான் அதிகம்.

திங்கட்கிழமை காலை ஹோட்டல் வண்டி வந்தது. ஓட்டுநர் அழுக்கு விரிப்பு எதையும் இறக்கவில்லை. துவைத்து வைத்திருந்ததை ஏற்றிக்கொண்டு, "இனிமே வேற இடத்துல குடுக்கச் சொல்லி முதலாளி சொல்லிட்டாருக்கா" என்றான், ஏதோ தப்பு செய்தவனைப் போல.

"நீ என்னப்பா பண்ணுவே, போய்ட்டு வா" என்று அனுப்பினாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை நிமிர்ந்து நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பெரிய எந்திரத்தின் மேல் கையை வைத்தாள். எந்திரம் சில்லென்றிருந்தது. இரண்டு நிமிஷம் அழுதாள். பயமாக இருந்தது, அதனால் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மண்டபத்துக்கு நடந்தாள்.

மண்டபத்தில் தீயிலிருந்து இழுத்துக் காப்பாற்றிய கம்பளிகளும் திரைகளும் மெத்தை உறைகளும் சுவரோரம் குவிந்து கிடந்தன. புகை நாற்றத்தில் யாராலும் அவற்றைப் போர்த்திக்கொள்ள முடியவில்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் அவற்றைத்தான் தூக்கிப் போடக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தூக்கிப் போடாதீங்கம்மா. எல்லாத்தையும் என் கடைக்குக் கொண்டாங்க."

"துவைக்கக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்களே, அக்கா."

"நான் எதுவும் கேட்டேனா? தூக்குங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

பத்து மணிக்கெல்லாம் பெரிய எந்திரம் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. முதல் தண்ணீர் கன்னங்கரேலென்று வெளியேறியது. கணவர் பாரம் தூக்கக் கூடாது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து, துவைத்து வந்த உறைகளை அவள் பிழிய, நுனியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு இப்படிச் சும்மா துவைச்சுக் குடுக்கப்போறே?"

"எந்திரம் ஓடுற வரைக்கும்."

"பில்லு கட்டலைன்னு கரண்டுக்காரன் வந்து ஒயரைப் பிடுங்கிட்டுப் போயிட்டா?"

அவள் அடுத்த கம்பளியை உதறினாள். "கை எதுக்கு இருக்கு?"