கார்டுக்காரரும் கூட ஒருவரும்

பதினோரு வருஷம் காத்திருந்த சீட்டை, "நீங்க உக்காருங்கண்ணே" என்று தன் வாயாலேயே தூக்கிக் கொடுத்தவளுக்குக் கோபம் யார் மேல் வரும்? முத்துமீனாவுக்கு எல்லார் மேலும் வந்தது. ஆனால் கொடுத்தது தன் வாய்தான் என்பதால் யாரிடமும் காட்ட முடியவில்லை. அதுதான் ரொம்ப எரிந்தது.

புருஷன் சிவபாண்டிக்கு, அரிசி ஆலைகளில் கல்லையும் கறுப்பு அரிசியையும் பிரித்துத் தள்ளுகிற மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. பஞ்சாப், வங்காளம், சத்தீஸ்கர் என்று எங்கே மெஷின் மக்கர் பண்ணினாலும் கம்பெனி அவரைத்தான் பிளேனில் ஏற்றி அனுப்பும். தீபாவளிக்கு இருந்தால் பொங்கலுக்கு இருக்க மாட்டார். மகள் பவதாரிணி வயசுக்கு வந்த அன்றைக்கு ராய்ப்பூரில் இருந்தார். இப்படிப் பறந்து பறந்து மனுஷன் வாங்கியது ஒரு கோல்டு கார்டு. அது இருந்தால் விமான நிலையத்தில் தனி வரிசை, தனி அறையில் உட்கார்ந்து டிபன், முன்னால் பெரிய சீட்டு காலியாக இருந்தால் அதுவும் கிடைக்கும். கூட வருகிறவருக்கும் அதே மரியாதை உண்டு. ஆனால் ஒரே ஒருவருக்குத்தான்.

"அந்த ஒரு ஆளு நீதான் மீனா. ஒருநா கூட்டிட்டுப் போறேன் பாரு" என்பார், ஊரிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும். சொல்லிக்கொண்டே பையைத் துழாவி, விமானத்தில் கொடுத்த குட்டி ஜாம் பாட்டிலை எடுத்து நீட்டுவார். சில தடவை காலுறை, சில தடவை கண்ணை மூடிக்கொள்ளும் பட்டை, விரல் நீளத்துக்கு ஒரு பேஸ்ட். வில்லாபுரம் வீட்டில் டிவிக்குக் கீழே இருக்கும் டிராயர் முழுக்க இதுதான். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனால் தலைக்கு மேலே விமானம் இறங்கும். முத்துமீனா அண்ணாந்து பார்த்து, அந்தப் பெரிய சீட்டு எந்த ஜன்னல் பக்கம் இருக்கும் என்று யோசிப்பாள்.

இப்போது கம்பெனி அவரைப் பசுமலை ஆபீசில் உட்கார வைத்துவிட்டது. இனிமேல் பறக்கிற வேலை கிடையாது. கார்டும் இந்த மாசக் கடைசியோடு சரி. அந்த நேரம் பார்த்து மும்பையில் மகளுக்கு வளைகாப்பு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி பயணம் பண்ணக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இவர்கள்தான் போக வேண்டியதாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சிவபாண்டியின் போனுக்குத் தகவலும் வந்துவிட்டது. முன்னால் இரண்டு சீட்டு காலி, கார்டுக்காரரும் கூட ஒருவரும் உட்காரலாம், கவுண்டரில் பெயரைச் சொன்னால் போதும்.

முத்துமீனா கத்திரிப்பூக் கலர் பட்டுச்சேலையை எடுத்து வைத்தாள். எதிர்வீட்டுச் செல்லக்கிளியிடம் போய்ச் சொன்னாள். சொல்லியிருக்கவே கூடாது. திரும்பிப் போனதும் அவள் முதல் வேலையாக அதைத்தான் கேட்பாள்.

காரியத்தைக் கெடுத்தது சம்மந்தி மலைச்சாமி என்று சொன்னால் பாவம் வரும். மனுஷன் தங்கமானவர். மனைவி முன்பே மும்பை போய்விட்டதால், திருநகரிலிருந்து தனியாக, அதே விமானத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு, முறுக்கு டின்னும் வளையல் பெட்டியுமாக விமான நிலையத்தில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் சிவபாண்டியின் முகம் மாறிய விதம் முத்துமீனாவுக்குப் பழக்கமானது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யாரை உட்கார வைப்பது என்று யோசிக்கும்போது வருகிற முகம் அது.

அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "மீனா, மாப்பிள்ளையப் பெத்தவரு. அவரைப் பின்னால தள்ளிட்டு நாம ரெண்டு பேரும் முன்னால போயி உக்காந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்குப் பிள்ளைக்குல்ல பேச்சு வரும்."

அவள் பதில் சொல்வதற்குள் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொல்லியாயிற்று. "எங்கூட வர்றது இவருங்க."

மலைச்சாமி பதறிப்போனார். "ஐயையோ, அதெல்லாம் வேணாம் சம்மந்தி. தங்கச்சி உக்காரட்டும்."

இங்கேதான் அவள் "சரிண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர் நிஜமாகத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நம்மூரில் முதல் தடவை வேண்டாம் என்பதை யார் மதித்தார்கள்? பந்தியில் இலையைக் கையால் மறிக்கிறவருக்குத்தானே இன்னும் ஒரு கரண்டி சேர்ந்து விழும்.

"நீங்க உக்காருங்கண்ணே. எனக்கு எங்க உக்காந்தா என்ன" என்றாள். அவர் மறுபடியும் வேண்டாம் என்றார். அவளும் மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை அவர் "தங்கச்சியே உக்காரட்டும்" என்றபோது அவள் வாயை மூடிக்கொண்டாள். இப்போதாவது புருஷன் புரிந்துகொள்வார் என்று நினைத்தாள். சிவபாண்டி சம்மந்தியின் தோளில் கையைப் போட்டு, "வாங்க வாங்க" என்று தள்ளிக்கொண்டு போய்விட்டார். முத்துமீனாவின் கைக்கு வந்த போர்டிங் பாஸில் இருபத்திரண்டாம் வரிசை, அதிலும் நடுவில்.

அடுத்து அந்தத் தனி அறை. அதற்குள்ளும் கூட ஒருவர்தான். "பத்து நிமிசத்துல வாரோம், பையப் பாத்துக்க" என்று போனவர்கள் நாற்பது நிமிஷம் கழித்து வந்தார்கள். அதுவரை பட்டுச்சேலையோடு முறுக்கு டின்னுக்குக் காவல் இருந்தாள். வந்தவர்களிடம் நெய் வாசம் அடித்தது. "பொங்கல்ல மிளகுதான் கொஞ்சம் தூக்கல்" என்று சிவபாண்டி குறை வேறு சொன்னார். அந்த டின்னாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது அவளுக்கு.

அவர்கள் முதலில் ஏறினார்கள். அவள் கடைசிக் கூட்டத்தோடு ஏறியபோது இரண்டாம் வரிசையில் ஜன்னலோரமாக மலைச்சாமி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புருஷன் காலை நீட்டியிருந்தார். இவளைப் பார்த்ததும் மலைச்சாமி "தங்கச்சி..." என்று சங்கடமாக எழுந்திருக்கப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் "நகருங்கம்மா" என்றார்கள். அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள். அப்படிச் சிரிக்க முடிந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கூட்டம் ஏறி முடிந்ததும், பெரிய சீட்டுகளை மறைக்கும் திரையை யாரோ இழுத்துவிட்டார்கள்.

இருபத்திரண்டில் ஜன்னலோரம் ஒரு வயசான அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மடியில் லேப்டாப்போடு கண்ணாடி போட்ட ஒருவர். இரண்டு பேரின் முழங்கைக்கும் நடுவில் முத்துமீனா கையைக் கட்டிக்கொண்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரை விலகியது. சிவபாண்டி வந்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கூப்பிடத்தான் வருகிறார் என்று நினைத்து அவள் பெல்ட்டைக்கூடக் கழற்றிவிட்டாள்.

அவர் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு குட்டி ஜாம் பாட்டில்.

"உனக்குன்னு எடுத்து வச்சேன் மீனா. அத்திப்பழம். புதுசா குடுக்குறாய்ங்க."

"ஏங்க, பதினோரு வருசமா இதத்தான கொண்டாந்து குடுத்தீக. நானே ஏறி வந்தும் எனக்கு இதுதானா?"

குரல் உயர்ந்துவிட்டது. ஜன்னலோர அம்மா விழித்துக்கொண்டார். நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் சிவபாண்டி நின்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஏதோ முடிவு பண்ணியவராக லேப்டாப்காரரின் தோளைத் தொட்டார்.

"சார், ரெண்டாவது வரிசையில என் சீட்டு இருக்கு. நீங்க அங்க போயி உக்காந்துக்கிறீகளா? நான் இங்க எங்க வீட்டுக்காரம்மா கூட இருந்துக்கிறேன்."

பணிப்பெண் தயங்கினாள். கேட்பது கோல்டு கார்டுக்காரர் என்பதால் தலையாட்டினாள். லேப்டாப்காரர் இரண்டாம் வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. பையை அள்ளிக்கொண்டு வேகமாகப் போனார். அவருக்காகத் திரை திறந்தது, மூடியது.

சிவபாண்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் முன் சீட்டில் முட்டியது. "பெரிய சீட்டு என்ன பெரிய சீட்டு. நீ இருக்குற எடந்தான் எனக்கு. இப்பச் சந்தோசமா?" என்றார். ஜன்னலோர அம்மா, இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்பது போல முத்துமீனாவைப் பார்த்துச் சிரித்தார்.

முத்துமீனா திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க சீட்ட விட்டுக் குடுக்கணும்னு தோணுச்சுல்ல?"

"பின்ன? ஒனக்காகத்தான."

"எனக்காகன்னா, அந்த ஆளுக்குப் பதிலா என்னைய அங்க போயி உக்காருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

சிவபாண்டி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நிஜமாகவே அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அது... சம்மந்தி பக்கத்துல நீ எப்புடி..." என்று இழுத்தார்.

"அந்த அண்ணே மூணு தடவ என்னைய உக்காரச் சொன்னாரு. உங்க வாயில ஒரு தடவ வரல."

முத்துமீனா அவர் கையிலிருந்த ஜாம் பாட்டிலை எடுத்து, அவர் சட்டைப் பையிலேயே போட்டாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க. வீட்டு டிராயர்ல எடமில்ல."