சாப்பிட்டுத்தான் வந்தேன்

செஞ்சியில் பொழுது இரண்டு தடவை சாயும். முதலில் ராஜகிரிக்குப் பின்னால். அப்புறம், மற்ற ஊர்களைப் போல, வானத்தின் ஓரத்தில். நேமிராஜ் வீட்டில் முதல் சாய்வுதான் கணக்கு. சூரியனை மலை மறைத்த கையோடு அவர் மனைவி அனந்தமதி அடுப்பை அணைத்துவிடுவாள். அதற்குப் பிறகு தேவேந்திரனே பசியோடு வந்து நின்றாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சமணர் வீடு; இருட்டினால் சாப்பாடு கிடையாது.

இந்த வழக்கம்தான் நேமிராஜின் வேலைக்கு உலை வைத்தது.

பல தேசங்கள் கூடி நடத்தும் ஒரு பாசன ஸ்தாபனத்தில் அவர் அதிகாரி. தூரதேசம் ஒன்றில் ஏரி வெட்டிக்கொடுக்கப் போயிருந்தார். தேசத்தின் பெயர் வேண்டாம், கோபக்காரர்கள். அங்கே விவசாய மந்திரி ஒரு ராத்திரி விருந்து வைத்தார். மேஜையின் இந்த முனையில் உப்புக் கேட்டால் அந்த முனையிலிருந்து வந்து சேர்வதற்குள் மூன்று பாஷை மாறும். நேமிராஜ் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. ஏன் என்று மந்திரி கேட்டார். விருந்தில் மதத்தை இழுப்பானேன் என்று, நம்மூர் மரியாதையில், "சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்றார். பொய்யுமில்லை. பொழுதோடு அறையிலேயே முடித்துக்கொண்டுதான் போயிருந்தார்.

விடிவதற்குள் மந்திரிக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. அவருக்கு மட்டுமா? மந்திரிசபையே கக்கூஸ் வாசலில் வரிசையில் நின்றது. விருந்துக்குப் போனவர்களில் நெட்டுக்குத்தாக நின்ற ஒரே ஆள் நேமிராஜ். முன்கூட்டியே சாப்பிட்டவனுக்கு விஷயமும் முன்கூட்டியே தெரியும் என்று போலீஸ் முடிவுகட்டியது. அவர் வழக்கத்தை விளக்கியபோது, 'இதை நேற்றே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த விமானத்துக்கு முன்னால் சேதி செஞ்சிக்கு வந்துவிட்டது. சைக்கிள் கடை பாவாடை நடுத்தெருவில் மறித்தான்.

"இன்னா சார், மந்திரிக்கு மருந்து வெச்சிட்டீங்களாமே? நம்ம பிரசிடென்ட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் புடிச்சாந்திருக்கக் கூடாதா?"

தெருவே சிரித்தது. நேமிராஜும் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. ஸ்தாபனமோ அவர் வேலையில் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தூக்கம் போயிற்று.

ஒருநாள் சாயங்காலம் டெல்லி அலுவலகத்திலிருந்து அரங்கநாதன் என்ற மேலதிகாரி காரில் வந்து இறங்கினார். கையில் டைப் அடித்த ராஜினாமா. சொந்தக் காரணங்களுக்காக நேமிராஜ் விலகுவதாக அதில் இருந்தது.

"கையெழுத்துப் போட்டுடுங்க, மிஸ்டர் நேமிராஜ். நல்ல சர்டிபிகேட் தரோம். அந்த கவர்மென்ட்டைப் பகைச்சுக்க முடியாது. பாதி ஏரி இன்னும் பாக்கி."

"நான் விஷம் வெச்சேன்னு நினைக்கிறீங்களா?"

"சேச்சே!"

"அப்போ விசாரிங்க. என்னை வேணாம்னது அந்த நாடு. வேலை குடுத்தது நீங்க. வேற நாட்டுக்கு மாத்துங்களேன்."

"போடலைன்னா நீக்கிடுவாங்க. அப்புறம் தீர்ப்பாயம், வக்கீல்... வருஷக்கணக்கா இழுக்கும் சார்."

நேமிராஜ் தாளை வாங்கினார். கையெழுத்துப் போட்டால் தானாக விட்டு ஓடியவர். எந்தத் தீர்ப்பாயமும் அவர் பேச்சைக் கேட்காது. போடாவிட்டால் நீக்கம், கூடவே விஷக்காரன் என்ற பட்டம். பேனா கைக்கு வந்துவிட்டது.

அனந்தமதி உள்ளிருந்து எட்டிப்பார்த்தாள். "பொழுது மலையில எறங்குது. ரெண்டு பேரும் வாங்க, சாப்ட்டுட்டுப் பேசலாம்."

"வேணாம்மா. நான் சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்றார் அரங்கநாதன்.

அவள் வெளியே வந்தாள். "அப்டியா சார்? எங்க வூட்டு சோத்துல இன்னா கலந்திருக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அரங்கநாதன் திறந்த வாயில் ஒரு மாட்டுவண்டி நுழைந்து திரும்பியிருக்கலாம்.

"என்னம்மா இது! மரியாதைக்குச் சொன்னேன்."

"இவரும் மரியாதைக்குத்தான் சொன்னாரு."

நேமிராஜ் பேனாவை மூடினார். "வேலைல சேரும்போது, ஸ்தாபனம் சொல்றதைத் தவிர எந்த அரசாங்கம் சொல்றதையும் கேக்கமாட்டேன்னு சத்தியம் வாங்கினீங்க. நீங்களும்தானே சார் செஞ்சீங்க?"

"செஞ்சேன்."

"இந்தத் தாள் யார் சொல்லி வந்திருக்குது?"

அரங்கநாதன் தாளை வாங்கி மடித்தார். "போடமாட்டேன்னுட்டார்னு எழுதறேன். என்னால அவ்வளவுதான். நீக்கத்தான் போறாங்க."

"நீக்கட்டும். எதுக்குன்னு அவங்க வாயால சொல்லட்டும். அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"அம்மா, இன்னும் நேரம் இருக்கா?" என்று கேட்டபடி அரங்கநாதன் செருப்பைக் கழற்றினார். மலையைப் பார்த்துப் பார்த்து அவர் அள்ளிப்போட்ட வேகத்தில் இலையே பயந்துபோயிருக்கும். பக்கத்தில் நேமிராஜுக்கு முதல் கவளமே இறங்கவில்லை. தீர்ப்பாயம் எந்த ஊரில் இருக்கும், அதுவரை வீட்டை எப்படி ஓட்டுவது? அவர் யோசித்து முடிப்பதற்குள் மலை சூரியனை விழுங்கிவிட்டது. அனந்தமதி அடுப்பை அணைத்தாள். நேமிராஜ் இலையை மூடி எழுந்தார்.

"நீங்க சாப்பிடவே இல்லையே சார்?" என்றார் கார் ஏறப்போன அரங்கநாதன்.

ஆச்சு என்று சொல்லத்தான் நேமிராஜ் வாயெடுத்தார். நிறுத்திக்கொண்டார்.

"இல்ல சார். பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடமாட்டோம்."