பகல் தூக்கம்

கஸ்தூரியம்மாள் மகளின் நம்பரை எடுத்தாள். மணியைப் பார்த்தாள். ஆறு இருபது. போனை மறுபடி அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு, ஐஸ் பெட்டிக்கு இடம் பண்ண டி.வி. ஸ்டாண்டை நகர்த்தப் போனாள்.

கணவர் ராஜாங்கம் ஐந்து மணிக்குப் போய்விட்டார். முதல் ஷிப்டுக்கு யூனிபார்ம் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் டீ கேட்டார். அவள் டம்ளரோடு வந்தபோது சுவரோரம் சாய்ந்திருந்தார். எதிர் குவார்ட்டர்ஸ் கருணாகரன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. அரை நாள் லீவு போடவே ஆயிரம் யோசனை பண்ணுகிற மனிதர்.

"பாப்பாவுக்குச் சொல்லிட்டியாம்மா?" என்றான் மகன் அறிவழகன்.

"இல்ல. இப்பத்தான் படுத்திருப்பா."

"இன்னாம்மா பேசற நீ?"

"ராத்திரி பூரா பிளேன் ஓட்டிட்டு வந்து தூங்கிக்கினு இருப்பாடா. எழுந்திரிக்கட்டும்."

பவித்ரா மைசூர்ப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியில் இருந்தாள். பகலில் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. ராத்திரியில் ஓட்ட இப்போது தனிப் பயிற்சி. கடைசிப் பயணி விமானம் போன பிறகுதான் இவர்களுக்கு ஓடுதளம் கிடைக்கும். ஒரு மணிக்கு ஆரம்பித்தால் நாலு ஆகும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் அவள் தனியாக ஏற வேண்டிய முதல் ராத்திரி நேற்று. இருட்டில் வானம் எது, தரை எது என்று தெரியாதாம். கண்ணை நம்பாமல் எதிரே இருக்கிற மீட்டர் முள்ளை நம்ப வேண்டுமாம். தூக்கம் கெட்டால் முள்ளும் தெரியாது என்பது கஸ்தூரியம்மாள் தானே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டது.

ஷிப்ட் வீடுகளில் சாமி கும்பிடாதவர் உண்டு, இந்தச் சட்டத்தை மீறுகிறவர் இல்லை. நைட் ஷிப்ட் பார்த்து வந்தவரை எழுப்பக் கூடாது. ஜன்னலில் பேப்பர் ஒட்டியிருக்கும். குக்கர் வைக்க மாட்டார்கள். பிள்ளைகள் சண்டையைக்கூட வெளியே போய்த்தான் போடும். கஸ்தூரியம்மாள் ஒரே ஒரு தடவை மீறினாள். கல்யாணமான புதிதில், திருவதிகையிலிருந்து அண்ணன் வந்திருக்கிறான் என்று பதினோரு மணிக்கு அவரை எழுப்பிவிட்டாள். அன்று ராத்திரி வேலைக்குப் போகும்போது சைக்கிளிலேயே கண்ணயர்ந்து சிறுபாலத்தில் விழுந்தார். புருவத்தில் ஆறு தையல். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவள் மறந்திருப்பாள்.

ஒன்பது மணிக்கு வளையமாதேவியிலிருந்து ராஜாங்கத்தின் அக்கா வீரம்மாள் ஆட்களோடு வந்து இறங்கினாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் முதல் காரியமாக நேரம் குறித்தாள்.

"நாளைக்குச் சனி. சனிப் பொணம் தனிப் போவாதுன்னு தெரியுமில்ல? இன்னைக்கே நாலரைக்குள்ள எடுத்துடணும்."

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கஸ்தூரியம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். அங்கிருந்து ஒன்பது மணி நேரப் பாதை. இனி எப்போது சொன்னாலும் பவித்ராவால் நாலரைக்கு வந்து சேர முடியாது. அப்படியானால் தூங்கியாவது எழட்டும் என்று நினைத்தாள். அந்த நேரத்தில் அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. அறிவழகன் தன் போனிலேயே கூப்பிட்டிருக்கலாம். அம்மா சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். அந்த வேலை தன் தலையில் விழாததில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி.

பன்னிரண்டு மணிக்கு அவள் போனை எடுத்ததும் கிட்டே வந்தான்.

"விடியகாலைன்னு சொல்லாதம்மா. பதினொண்ணரைக்குன்னு சொல்லிடு. தாங்க மாட்டா."

முதல் மணியிலேயே பவித்ரா எடுத்துவிட்டாள்.

"சொல்லும்மா."

"தூங்கி எழுந்துட்டியா?"

"ஆறு மணிக்கே எழுந்துட்டேன். இன்னா விஷயம்?"

"அப்பா போய்ட்டாரும்மா."

அங்கே வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"எப்ப?"

கஸ்தூரியம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"காலைல அஞ்சு மணிக்கு."

யாரோ குழாயை மூடினார்கள்.

"இப்ப மணி பன்னெண்டும்மா."

"ராத்திரி தனியா ஓட்டிட்டு வந்து தூங்குவியேன்னு..."

"நேத்து பிளையிங்கே இல்லம்மா. இங்க மழை. ஒம்பதரைக்கே கேன்சல் பண்ணிட்டாங்க. பத்து மணிக்கு அப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னனே. உங்கிட்டச் சொல்லலையா?"

"நான் ஒம்பது மணிக்கே படுத்துட்டேன்."

தூங்குகிறவளை எழுப்புகிற ஆள் இல்லை அவர். காலையில் டீ குடித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்திருப்பார்.

"நான் கெளம்புறேன். வெச்சிருப்பீங்களாம்மா?"

"நீ வா," என்றாள் கஸ்தூரியம்மாள்.

போனை வைத்துவிட்டு நேரே வீரம்மாளிடம் போனாள். "அண்ணி, இன்னைக்கு எடுக்க வேணாம். பவித்ரா வரணும்."

"நாளைக்குச் சனின்னு சொல்லிக்கினு இருக்கேன்."

"பாடையில கோழிக்குஞ்சு கட்டிக்கலாம். தொணைக்கு அது போவட்டும்."

"குஞ்சு கட்டுறதெல்லாம் வேற வழி இல்லாதவங்க பண்றது. நாளைப் பின்ன வூட்டுல இன்னொண்ணு விழுந்தா யாருக்கு வரும்?"

"எனக்கே வரட்டும் அண்ணி. தப்பு பண்ணது நான்தான். காலைலயே சொல்லியிருந்தா நாலரைக்குள்ள வந்து அப்பாவைப் பாத்திருப்பா. நான்தான் பாக்க வுடாம பண்ணிட்டேன்."

காலையிலிருந்து அவள் அழவில்லை. இப்போதும் அழவில்லை. ஆனால் பந்தல் போடுகிறவன்கூடக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டான். வீரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அறிவழகன் பக்கம் திரும்பி, "சாயங்காலத்துக்குள்ள ஒரு குஞ்சு பாத்து வாங்கியாந்துடுடா," என்றாள்.

மந்தாரக்குப்பத்திலிருந்து குஞ்சு செருப்புப் பெட்டியில் வந்தது. கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள், விடாமல் கத்தியது. இரண்டாம் ஷிப்டுக்குப் போனவர்களைத் தவிர பிளாக் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

கார் ஒன்பதே காலுக்கு வந்தது. பவித்ரா பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே வந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். புழுக்கத்தில் ஐஸ் பெட்டியின் கண்ணாடி பனித்துப்போய், உள்ளே முகம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அவள் குனிந்தாள். உள்ளங்கையால் துடைத்தாள். ஒரு நிமிஷத்தில் மறுபடி பனித்தது.

கஸ்தூரியம்மாள் எழுந்து எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். முந்தானையைச் சுருட்டி, முகத்துக்கு நேராகக் கண்ணாடியைத் துடைத்தாள். பனித்தது, துடைத்தாள். மகள் பார்த்து முடிக்கிறவரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.