சிவப்புக் காய்

"சொல்லுடா தம்பி. இயேசு, மரி, சூசை."

சவரியம்மா தம்பியின் காதோரம் குனிந்து காலையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த அருளப்பன் கண்ணைப் பாதி திறந்தான்.

"பாண் எறக்கியாச்சா?" என்றான்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாமியார் காலையிலேயே வந்து அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மற்றவர்களுக்கு அது போதும். சவரியம்மாவுக்குப் போதவில்லை. சாகும்போது அந்த மூன்று பெயரும் வாயில் இருக்க வேண்டும். அம்மா அப்படித்தான் போனாள், அப்பாவும் அப்படித்தான். தாயில்லாத இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். இவன் பாணைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தால், நாளைக்கு மேலே போய் அம்மாவிடம் எந்த முகத்தைக் காட்டுவது?

அருளப்பன் லேசுப்பட்ட ஆளா? அம்பிட்டியச் சந்திக்குக் கீழே இருக்கிற பேக்கரியில் போறணை அடுப்பில் பாண் ரொட்டி சுடும் வேலை. விடியுமுன்னே போய் மாவோடு மல்லுக்கட்டுவான். சாயந்தரமானால் பக்கத்துத் தையல்கடை ஹலீமோடு கெரம் ஆட்டம். பிறகுதான் வீட்டில் செபமாலை, அதுவும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகத்தில்.

"வேலைக்கு ஒரு பங்கு, வெளையாட்டுக்கு ஒரு பங்கு, ஆண்டவருக்கு மட்டும் நகக்கண்ணு அளவாடா?" என்று அவள் கேட்காத நாளில்லை.

"அவரு அளந்து பாக்க மாட்டாரு அக்கா," என்று சிரிப்பான். சிரித்தே வாழ்ந்துவிட்டான், பாவி.

மதியம் திரும்பியதும் ஹலீம் வந்தார், கக்கத்தில் கெரம் பலகையோடு. சவரியம்மாவுக்கு வந்ததே கோபம்.

"சாகக் கெடக்கிறவன்கிட்ட வெளையாட்டுச் சாமானத் தூக்கிட்டு வர்றீங்களே, நல்லா இருக்கா?"

"புஷ்பம்தான் கொண்டு வரச் சொன்ன, அக்கா."

அருளப்பனின் மனைவி புஷ்பம் கதவோரம் நின்றாள். அழுது ஓய்ந்த முகம். "அவருதான் கேட்டாரு மதினி. ஒரே ஒரு ஆட்டம் போடணுமாம்."

"ஆட்டம் கேப்பான். இயேசு மரி சூசைன்னு சொல்ல மட்டும் வாய் வராது."

ஹலீம் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதயா சொல்லச் சொல்றீங்க? அத சொல்லாம இவன் ஒரு நாளும் செவப்பு அடிச்சதில்லயே."

"என்னது?"

"செவப்புக் காய அடிக்க முந்தி அந்த மூணு பேரயும் சொல்லித்தான் வெரல வைப்பான். நான் எத்தன தரம் சண்ட புடிச்சீக்கிறன். நான் தனியா வந்தீக்கிறன், நீ மட்டும் மூணு பேரக் கூட்டிக்கிட்டு வாறியே, இது ஞாயமாண்டு கேட்டீக்கிறன்."

புஷ்பம் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சவரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரெல்லாம் தேடிய சாவி இடுப்பிலேயே இருந்தால் வருமே ஒரு எரிச்சல், அது வந்தது. பிறகு தலையணையை அவளே ஒதுக்கினாள்.

"வைங்க பலகைய."

தம்பியை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தான். ஹலீம் பவுடர் தூவி, சிவப்பை ஒரு குழிக்கு முன்னாலும் ஒரு கறுப்பை அடுத்த குழிக்கு முன்னாலும் வைத்தார். கீழே பேக்கரியிலிருந்து சுட்ட பாண் வாசம் ஜன்னலால் வந்தது.

"எறக்கிட்டானுங்க," என்றான் அருளப்பன் நிம்மதியாக.

விரல் தடவித் தடவி ஸ்ட்ரைக்கரைப் பிடித்தது. உதடு அசைந்தது. சவரியம்மா காதை அவன் வாயருகே வைத்தாள்.

"இயேசு... மரி... சூசை."

சுண்டினான். சிவப்பு ஆடி அசைந்து போய்க் குழியில் விழுந்தது.

"பாத்தியா அக்கா," என்றான். அவள் தோளில் தலை சாய்ந்தது. பிறகு நிமிரவில்லை.

குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் செபமாலை சுற்றி முடித்தபோது வெயில் ஹந்தானை மலைப் பக்கம் இறங்கியிருந்தது. யாரோ பலகையைக் குலுக்காமல் தூக்கி மூலையில் வைத்திருந்தார்கள். ஹலீம் அதை எடுக்கக் குனிந்தார்.

"இருங்க," என்றாள் சவரியம்மா. "அவன் போட்ட செவப்பு அவனுக்குத்தானே?"

ஹலீம் தயங்கினார். "செவப்பு போட்டா கையோட இன்னொரு காயும் போடணும் அக்கா. அப்பதான் செல்லும்."

"அவனுக்காக நான் போடலாமா?"

"நீங்க அவன்ட பக்கந்தானே."

வாழ்நாளில் தொடாத பலகை. தரையில் உட்கார்ந்து, மூன்று பெயரையும் சொல்லி, கறுப்பைப் பார்த்துச் சுண்டினாள். விரல் நொந்தது. காய் தள்ளாடிப் போய்க் குழியின் விளிம்பில் நின்றுவிட்டது.

ஹலீம் ஜன்னலைப் பார்த்தபடியே சுண்டுவிரலால் அதை மெல்லத் தள்ளிவிட்டார்.

செபமாலையில் ஒரு மணி தவறினாலும் எல்லாரையும் முதலிலிருந்து சொல்ல வைக்கிறவள் சவரியம்மா. அவள் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, பவுடர் விரலைத் துடைக்காமலே செபமாலையை எடுத்தாள். முதல் மணி வெள்ளையாயிற்று.