பிரைடுக்கு ஏற்ற பெஸ்டிசைடு

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம், வாழ்த்து மடல் அச்சடித்து மைக்கில் படிக்காதவன் மாப்பிள்ளைக்கு நண்பனே இல்லை. என் கல்யாணத்துக்கு வந்த பூச்சி மருந்துக் கடை ஏகாம்பரத்துக்கோ தமிழில் வாழ்த்தினால் கௌரவக் குறைச்சல். இங்கிலீஷ் கவிதையோடு மேடையேறிவிட்டார்.

“வெல்கம், வெல்கம், பியூட்டிஃபுல் பிரைடு!”

பிரைடு என்றால் மணப்பெண், அதாவது நான். அதற்கு ஒத்த ஓசையில் அடுத்த வரி முடிய வேண்டுமே? அவர் கடையில் இருந்ததை எடுத்துப் போட்டார்.

“பாண்டு ஈஸ் தி பேடி, யூ ஆர் பெஸ்டிசைடு!”

மாப்பிள்ளை பாண்டு நெல்லாம், நான் பூச்சி மருந்தாம்! எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், குனிந்த தலையோடு பல்லைக் கடித்தேன். பந்தலே கைதட்டியது.

“இன்னாமா எழுதிக்கிறான் பாரு! ரெண்டும் ஒரே மாதிரி முடியுது!” என்று என் மாமியார் பூரித்துப்போனார்.

ஓரக்கண்ணால் மாப்பிள்ளை பாண்டுரங்கனைப் பார்த்தேன். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர் என்று தரகர் சத்தியம் செய்த மனுஷன். மாலையோடு எழுந்து நின்று, “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினார்.

அந்த நிமிஷமே என் கோபம் இறங்கிவிட்டது. இனி ஆயுசுக்கும் இவரை, இவருடைய அம்மா எதிரிலேயே, வாய்க்கு வந்தபடி இங்கிலீஷில் திட்டலாம்.