ராஜகுரு கேட்ட லைசென்ஸ்

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. கீழவாசல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில், பிரிண்டருக்கு மை நிரப்பக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. இரண்டாயிரத்து இரண்டு, சித்திரை மாதம். வெக்கை தணியட்டும் என்று கடை வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய, நெற்றியில் நாமம் போட்ட ஒரு பெரியவர் செருப்பைக் கோவிலில் விடுவதுபோல் வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல டி.வி. பாத்தா லைசென்ஸ் எடுக்கணுமா?"

கடைக்காரர் விஜய்ஆனந்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "லைசென்சா! அதெல்லாம் ஒழிச்சு எம்புட்டு வருசம் ஆச்சுண்ணே. டி.வி. பெட்டிக்கே கெடையாது, கம்ப்யூட்டருக்கு யாரு கேக்கப் போறா? உள்ள டி.வி. கார்டு இருக்குல்ல, கேபிள் வயரச் சொருகிட்டு நிம்மதியாப் பாருங்க."

வேண்டாம் என்று சொன்னால் மனுஷனுக்குச் சந்தோஷம் வரவேண்டும். இவருக்கு முகம் தொங்கிப்போனது.

"நல்லாத் தெரியுமா தம்பி? போஸ்ட் ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் வாரேன். அங்கயும் சிரிக்கிறாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதற்குமேல் வருவது முழுக்க என் புளுகு. ஆனால் அந்த முகம் ஏன் தொங்கியது என்பது தெரியாமல் எனக்கு மத்தியானத் தூக்கம் பிடிக்கவில்லை. மத்தியானத் தூக்கம் எனக்கு ரொம்ப முக்கியம்.

2

முதல் தொடக்கம்:

ராஜகுரு கண்டிப்பான மனிதர். அவருடைய கண்டிப்புக்குப் பயந்து வீட்டுப் பூனைகூட—

(வேண்டாம். கண்டிப்பான பெரியவர்களை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. பெயர் மட்டும் இருக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்:

ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசுக்குப் போய் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். டி.வி.க்கும் அப்படித்தான் இருந்தது. எண்பதுகளின் நடுவில் எடுத்துவிட்டார்கள். பாட்டுக் கேட்க அரசாங்கத்திடம் அனுமதி வாங்கிய ஒரு தலைமுறை அதற்குப் பிறகு—

(கட்டுரையாகிறது. நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இந்தச் செய்தி உங்கள் மனதில் இருக்கட்டும்.)

மூன்றாம் தொடக்கம், இதை அடிக்கவில்லை:

கனகலட்சுமியின் கனவில் புருஷன் வருவார். திரும்பிப் பார்க்க மாட்டார்.

3

புருஷன் பெயர் ஹரிராம். போன ஆடியில் இறந்துபோனார். ராஜகுரு அவருக்கு அண்ணன். ஒரே வீடு, ஒரே சமையல். ஸ்வர்ணா, ஹரிராமின் மகள். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கிறாள். இந்த மூன்று பேர் போதும். கூட்டம் சேர்த்தால் எனக்குச் சமாளிக்க வராது.

(இவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் பேசுவது அவர்கள் பாஷை. எனக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. ஆகவே எல்லாரையும் மதுரைத் தமிழில் பேசவைக்கிறேன். அவர்கள் எனக்குள்ளே கொஞ்சம் வேற்றூர்க்காரர்கள் மாதிரி நடமாடுவதற்கு இதுதான் காரணம்.)

அந்த வீட்டில் ஒரு வழக்கம். கனகலட்சுமி புருஷனுடைய அண்ணனிடம் நேராகப் பேச மாட்டாள். இருவரும் ஒரே அறையில் நின்றாலும், "ஸ்வர்ணா, பெரியப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். "ஸ்வர்ணா, இந்தா வாரேன்னு அம்மாட்ட சொல்லு" என்பார் அவர். நடுவில் நிற்கும் ஸ்வர்ணா வாயே திறக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கம், துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷம் டி.வி. போடுவதில்லை. காரியம் முடிந்த அன்றே ராஜகுரு டி.வி. பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தம்பியின் வேட்டி ஒன்றை எடுத்து மூடினார். ஸ்வர்ணா தன் கம்ப்யூட்டரையும் மூடப் போனாள். "அது தொழில் செய்யிற சாமான். அத மூடாத" என்றார். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஹரிராம் கிரிக்கெட் பார்ப்பதற்காகப் போட்டுவைத்த டி.வி. கார்டு இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது.

இப்படித்தான் அந்த வீட்டில் ஒரு டி.வி. மூடாமல் தங்கிவிட்டது.

4

சித்திரைத் திருவிழா நெருங்கியது. உள்ளூர் கேபிள்காரர்கள் போன வருஷம் அழகர் ஆற்றில் இறங்கியதை மறுபடி போடுவதாக அறிவித்தார்கள். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி ஓடிவந்தாள்.

"யக்கா, போன வருசமே பாத்தேன். நீர்மோர்ப் பந்தல்ல மோர் ஊத்துறது நம்ம ஹரிராமண்ணேதான்! நாளைக்குச் சாயங்காலம் போடுறாக."

கனகலட்சுமி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வீட்டில் ஹரிராமின் போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நடக்கிற, கை அசைக்கிற ஹரிராம் உலகத்தில் அந்த ஒரு டேப்பில்தான் இருக்கிறார். துக்க வருஷம் முடிகிற ஆடிக்குப் பிறகு அதை யார் போடுவார்கள்? அடுத்த திருவிழாவுக்கு இந்த வருஷத்து டேப் வந்துவிடும்.

"ஸ்வர்ணா, கம்ப்யூட்டர்ல பாக்கலாமான்னு பெரியப்பாட்ட கேளு."

ராஜகுரு கூடத்தில்தான் இருந்தார். வேட்டி போர்த்திய பெட்டியைப் பார்த்தார், மூடாத பெட்டியைப் பார்த்தார்.

"லைசென்ஸ் எடுக்கணுமோ என்னவோ. விசாரிச்சிட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டினார்.

5

ஆக, கடைக்கு வந்துவிட்டோம். முகம் தொங்கிவிட்டது. இனி முடிவு.

முடிவு அ: வீட்டுக்குப் போய், "லைசென்ஸ் வேணுமாம்" என்று பொய் சொல்கிறார். பழியை அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்.

முடிவு ஆ: "வேணாமாம், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அழகர்கோவிலுக்கு பஸ் ஏறிவிடுகிறார். தான் இல்லாத வீட்டில் விதி மீறப்பட்டால் அது தன் கணக்கில் வராது.

ஆ எனக்குப் பிடித்திருந்தது. எழுதி முடித்துப் பாயில் சாய்ந்தேன். ஃபேன் சுற்றியது. ஓடாத ஒரு டி.வி.யின் இரைச்சல் எங்கிருந்தோ மழைபோலக் கேட்டது. அறைக் கதவுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். ராஜகுரு உள்ளே வந்து என் மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தார். அவர் வேட்டி ஓரத்தில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. அது ஈரமாக இருந்தது.

"எல்லாம் சரி. அவளுக்கு மட்டும் எழுதியிருக்கீக. எந்தம்பிய நான் பாக்க வேணாமா?" என்றார்.

விழித்து எழுந்து உட்கார்ந்தேன். கடையில் பார்த்த அந்த முகத்தை எம்புட்டுத் தப்பாகப் படித்திருக்கிறேன்! அவர் தடுக்க வழி தேடி வரவில்லை. லைசென்ஸ் என்று ஒன்று இருந்திருந்தால் வரிசையில் நின்று முதல் ஆளாக வாங்கியிருப்பார். தம்பியைப் பார்க்கத் தனக்கு அனுமதி கொடுக்க ஒரு ஆபீஸ், ஒரு ஜன்னல், ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சிரித்துச் சொல்லிவிட்டார்கள். விதியைப் போட்டவர் அவர். அதைத் தளர்த்தவும் அவரை விட்டால் ஆள் இல்லை. தன் ஆசைக்காகத் தானே எப்படித் தளர்த்துவது?

அ, ஆ இரண்டையும் அடித்துவிட்டேன்.

6

மறுநாள் சாயங்காலம். ஸ்வர்ணா வேட்டிக்கு அடியில் கையை விட்டு வயரை மட்டும் உருவிக் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தாள். திரையில் சாம்பல் நிறப் பொடி பறந்துகொண்டிருந்தது. கனகலட்சுமி சமையலறை நிலைப்படியில் நின்றாள். ராஜகுரு வாசல் பக்கம் நின்றார்.

"ஸ்வர்ணா, லைசென்ஸ்னு ஒண்ணும் கெடையாதாம்னு அம்மாட்ட சொல்லு" என்றார்.

கனகலட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள்.

"அத்தான், நீங்க உக்காந்தா நானும் உக்காருறேன்."

(அத்தான் என்றுதான் அவர்கள் பாஷையில் கூப்பிடுவாளா, எனக்குத் தெரியாது. நேராகக் கூப்பிட்டாள். அதை நான் மாற்ற மாட்டேன்.)

அவர் வந்து உட்கார்ந்தார். அவள் தரையில் உட்கார்ந்தாள். பொடி மெல்ல அடங்கி வைகை வந்தது. மணல், தலைகள், தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தூரத்தில் தங்கக் குதிரையின் காது. பிறகு ஓலைப் பந்தல். ஒரு பித்தளை அண்டா. அதன்மேல் குனிந்து செம்பில் மோர் மொள்ளுகிற ஒரு முதுகு.

கனவில் வருகிற அதே முதுகு.

கேமரா அங்கே நிற்கிறது. நானும் இங்கே நிறுத்திவிட்டேன். அந்த டேப்பை நான் பார்த்ததில்லை. அவர் திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியம் எழுதினால் திரும்பிவிடுவார். கனகலட்சுமிக்குக் கனவு தராததை நான் தந்துவிடலாம். எழுதாமல் விட்டால் மூன்று பேரும் அந்த முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருப்பார்கள். பேனாவைப் பிடித்த கை நகரவில்லை. செத்துப்போன ஒருவரைத் திரும்பிப் பார்க்கவைக்க எந்த ஜன்னலில் போய்க் கேட்பது என்று நானும் ராஜகுரு மாதிரி தேடிக்கொண்டிருக்கிறேன்.

அனுமதி கொடுக்க இங்கே உங்களைத் தவிர யாரும் இல்லை. செம்பு நிறைந்துவிட்டது. அவரைத் திரும்பச் சொல்லட்டுமா?